நட்டவரும் உடையவரும்: மலையக இலக்கியத்திற் காணியும் வீடும்

மலையகத் தமிழிலக்கியம் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் இரு நோக்குகளின் வழியே வளர்ந்து வந்துள்ளது. அவ்விலக்கியத்தை உழைப்புச் சுரண்டலின் இலக்கியமாகக் கொள்வது ஒன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் இலக்கியமாகக் கொள்வது மற்றொன்று. இரண்டும் பொருத்தமானவையே. எனினும் இவ்விரண்டுக்கும் அடித்தளமாயுள்ள பிறிதொரு வினா உண்டு. அது உடைமை பற்றியது. காட்டை அழித்துத் தேயிலையை நட்டவருக்கும் அம்மலைக்கும் இடையே நிலவும் உறவு யாது? பரம்பரை பரம்பரையாக ஒரு குடும்பம் படுத்துறங்கிய அறை யாருக்குரியது? இவ்வினாவை மலையக எழுத்தாளர் தொடர்ந்து எழுப்பி வந்துள்ளனர் என்பதும், திறனாய்வாளரும் இடதுசாரி இயக்கத்தாரும் அதனைப் போதியளவு செவிமடுக்கவில்லை என்பதுமே இக்கட்டுரையிலே நாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

நூல்களின் தலைப்புகளே இதற்கு முதற்சான்று. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964), யோ. பெனடிக்ற் பாலனின் 'சொந்தக்காரன்?' (1968), தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' (1979), 1981இல் நூலுருப் பெற்ற சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' ஆகிய நான்கையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்ப்போம். எட்டாத பசுமையைச் சுட்டுகிறது ஒன்று. சொந்தம் என்பதன் மீதே ஐயக்குறி இடுகிறது இன்னொன்று. பாரதியை நினைவூட்டி நாட்டின்மீது உரிமை கோருகிறது மூன்றாவது. நான்காவது வீடின்மையையே மனிதனுக்குப் பெயராகச் சூட்டுகிறது. அதே காலப்பகுதியில் யாழ்ப்பாணத்து முற்போக்கு நாவல் சாதியை மையமாகக் கொண்டு இயங்கியது, கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) அதற்குத் தக்க சான்று. மலையக எழுத்தோ இருப்பிடத்தையும் உரிமையையும் சுற்றியே தன் தலைப்புகளைத் தெரிந்துகொண்டது. இது தற்செயலானதன்று.

1

உழைப்பினால் உடைமை தோன்றும் என்பது உழவரிடையே பரவலாகக் காணப்படும் நம்பிக்கை. காட்டை வெட்டியவனுக்கு வயல், மரத்தை நட்டவனுக்கு நிழலும் கனியும் என்பது பல சமுதாயங்களின் வழக்காறாகும். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலே, லௌஜே என்னும் மலைவாழ் உழவரிடையே 1990 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் தானியா லி, இவ்வழக்காறு இயங்கிய விதத்தையும் மாறிய விதத்தையும் 2014இல் வெளிவந்த தமது நூலிலே விரிவாக எடுத்துரைத்துள்ளார். அங்கு கன்னிக்காட்டை முதலில் வெட்டியவருக்கே அந்நிலத்தின் மீது உரிமை; அவ்வுரிமை அவர் வழிவந்தோர் யாவருக்கும் பொதுவாக இருந்தது. இடம்பெயர்ந்து நெல்லும் சோளமும் பயிரிட்ட அம்மக்கள் கொக்கோவை நடத் தொடங்கியபோது நிலைமை மாறியது. நீண்டகாலப் பயிரை நட்டவர் நிலத்தையே தமதாக்கிக் கொண்டனர். மரம் உடைமையின் எல்லைக்கல்லாயிற்று.

இவ்வுதாரணத்தை எமது மலைகளோடு ஒப்பிடுவது பயனுடையது. நுவரெலியா, அட்டன், தலவாக்கொல்லை ஆகிய பகுதிகளிலும் கன்னிக்காடு வெட்டப்பட்டது. நீண்டகாலப் பயிரே நடப்பட்டது. முதலிற் கோப்பி, 1869இன் பின் இலைநோய் கோப்பியை அழிக்கவே தேயிலை. வெட்டியவரும் நட்டவரும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். ஆனால் நட்டமையால் அவர்களுக்கு ஓரடி மண்ணேனும் உரித்தாகவில்லை. இங்கு உடைமை நடுகைக்கு முன்னரே, ஏட்டிலே தீர்மானிக்கப்பட்டு விட்டது.

அந்த ஏடு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். காடு, தரிசு, குடியிராத நிலம், பயிரிடாத நிலம் யாவும் மறுதலை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என்று அது விதித்தது. கண்டிப் பகுதியிலே சேனை நிலத்துக்கு உரிமை கோரிய கிராமத்தவன் மன்னர் வழங்கிய சன்னசையோ வழமையான இறை செலுத்தியமைக்கான சான்றையோ காட்ட வேண்டியிருந்தது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் சேனைக்கும் பொதுவில் பயன்பட்ட மேட்டு நிலம் இவ்வாறு முடியின் உடைமையாகி, ஏக்கர் ஐந்து சிலிங்குக்குத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. 1844இல் அவ்விலை இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. விற்றவரும் வாங்கியவரும் பல வேளைகளில் ஒரே அரசாங்க உத்தியோகத்தராக இருந்தமை இலங்கை வரலாறு பயின்றோர் அறிந்ததே.

குடியேற்ற நாடுகளில் மூலதனம் எதிர்கொண்ட சிக்கலை மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தின் இறுதி அத்தியாயத்திலே ஆராய்கிறார். மேற்கு அவுஸ்திரேலியாவின் சுவான் ஆற்றுப் பகுதிக்குப் பெரும்பணமும் மூவாயிரம் ஆட்களும் கொண்டு சென்ற பீல் என்னும் கனவானுக்கு, அங்கு சென்றடைந்த பின் படுக்கை விரிக்கவும் ஆளில்லாது போயிற்று. வெறும் நிலம் இலகுவிற் கிட்டும் இடத்தில் எவனும் கூலியாள் ஆக மாட்டான் என்பதே இக்கதையின் சாரம். எனவே கூலியாளை உண்டாக்குவதற்கு நிலத்தை அவனுக்கு எட்டாததாக்க வேண்டும். விலையை உயர்த்தி இதனைச் சாதிக்கலாம் என்று வேக்ஃபீல்ட் வகுத்தார். இலங்கை மலைநாட்டில் வேறொரு வழி கையாளப்பட்டது. நிலத்திலிருந்து கடல்கடந்து பிரிக்கப்பட்ட மனிதரை, கடன் என்னும் கயிற்றாற் பிணித்து, கங்காணியின் கையிற் கொடுத்துக் கொண்டுவந்தனர். கடனைத் தீர்த்தமைக்கான துண்டு இன்றி ஒருவன் தோட்டம் மாற இயலாத நிலை 1921இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை நீடித்தது. கண்டிக் கிராமத்தவன் மேட்டு நிலத்தை இழந்தான். தமிழகத்துக் குடியானவன் தன் ஊரை இழந்தான். இந்த இரு இழப்புகளும் சந்தித்த இடத்திலேதான் தேயிலை வேரூன்றியது.

2

நிலத்தின் கதை இவ்வாறாக, வீட்டின் கதை இன்னும் கூர்மையானது. லயத்துக் காம்பரா ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்டது. முன்னே ஓர் இஸ்தோப்பு. பின்னே சிறு துண்டு நிலம். காம்பராவுக்கு வாடகை இல்லை என்று தோட்ட நிருவாகம் பெருமை பேசியதுண்டு. வாடகை இல்லாமையே விலங்காயிற்று என்பதை நாம் உணர்தல் வேண்டும். வாடகைக்கு இருப்பவன் குடியிருப்பாளன். அவனுக்குச் சட்டத்திலே சில பாதுகாப்புகள் உண்டு. காம்பராவில் இருப்பவனோ செக்ரோலிலே பேர் இருக்கும் வரை அங்கிருக்கலாம். பேர் வெட்டப்பட்டால் கூரையும் போய்விடும். பத்துச்சீட்டுக் கிழிக்கப்பட்டவன் வேலையை மட்டும் இழப்பதில்லை. வீடு, அயல், கோயில், பிள்ளையின் பள்ளிக்கூடம் யாவற்றையும் ஒரே நாளில் இழக்கிறான்.

முதலாளித்துவத்தின் கீழ்த் தொழிலாளி இரு பொருளிலே 'சுதந்திர' மனிதன் என்பது மார்க்சின் புகழ்பெற்ற முரண்கூற்று. தன் உழைப்புச் சக்தியை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரம் ஒன்று. உற்பத்திச் சாதனங்கள் எவையுமின்றி 'விடுபட்ட' நிலை மற்றது. தோட்டத் தொழிலாளிக்கு இரண்டாவது சுதந்திரம் முழுமையாகவே அளிக்கப்பட்டது, முதலாவது மறுக்கப்பட்டது. வீட்டை இழக்காமல் முதலாளியை மாற்ற இயலாதவன் தன் உழைப்பைச் சுதந்திரமாக விற்கிறான் என்று எவ்வாறு கூறுவது? பெருந்தோட்டம் முழுமையான முதலாளித்துவ உற்பத்தி முறையாகாது, முன்னைய உறவுகளை உறையவைத்துப் பிழைக்கும் அமைப்பு என எஸ். பி. டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட நூலிலே விரிவாக வாதிட்டுள்ளார். பொருளியலாளர் நிறுவ முயன்ற இவ்வுண்மையை மலையக எழுத்தாளர் அதற்கு முன்னரே கதைமாந்தரின் வாழ்விலே கண்டனர் என்பதே எமது கவனத்துக்குரியது.

3

சி. வி. வேலுப்பிள்ளையிடமிருந்து தொடங்குவது முறையாகும். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த அவர் பெரிய கங்காணிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அவரது வர்க்கப் பின்னணியை மறைக்க வேண்டியதில்லை. மலையகத் தமிழரிடையே உடைமை என்பதை ஓரளவேனும் அறிந்திருந்தது கங்காணிக் குடும்பமே. அதன் உள்ளிருந்து வந்தவர் உடைமையற்றோரின் பக்கம் நின்றமையாலேயே, உடைமையின் இருப்பும் இன்மையும் அவருக்கு ஒருங்கே புலனாயின எனலாம்.

1954இல் அவர் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் சக்தீ அ. பாலஐயாவினால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கப்பட்ட நெடுங்கவிதையின் மையப்படிமம் புதைகுழியாகும். தேயிலைச் செடியின் அடியிலே முன்னோர் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கின்றனர். அவர்களுக்கு நினைவுச்சின்னம் எதுவுமில்லை. இதனை இரங்கற்பாவாக மட்டும் வாசிப்பது போதாது. உறுதி இல்லாதவன் தன் உரிமையை நிலைநாட்ட வேறெந்தச் சான்றைக் காட்டுவான்? உடலே சான்றாகிறது. நீதிமன்றம் ஏற்காத ஆவணத்தைக் கவிதை ஏற்கிறது. 1949இல் நிறைவேறிய சட்டங்களால் வாக்குரிமையையும் இழந்திருந்த மக்களின் சார்பிலே, ஐந்தாண்டுகளுக்குள் எழுதப்பட்ட கவிதை இது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 'இங்கு பிறந்தோம்' என்று வாதிட்டு, பிறப்புச் சான்றிதழ் காட்ட முடியாமல் தோற்றோர் பலர். 'இங்கு புதைந்தோம்' என்பதே கவிஞரின் வாதம்.

'வீடற்றவன்' நாவலில் அதே வாதம் சமூக உறவாக விரிகிறது. தோட்டத்திலே சங்கம் அமைக்க முற்படும் தொழிலாளி வேலையோடு இருப்பிடத்தையும் இழக்கிறான். இந்நாவலைத் தொழிற்சங்க நாவல் என வகைப்படுத்துவது வழக்கம். அவ்வகைப்பாடு தவறன்று; ஆயினும் ஆசிரியர் நூலுக்குத் 'தொழிலாளி' என்றோ 'போராளி' என்றோ பெயரிடவில்லை. சங்கம் சேரும் உரிமை ஏட்டிலே இருந்தும், வீடு துரையின் கையில் இருக்கும் வரை அவ்வுரிமை வெறுங்கடதாசியே என்பதைத் தலைப்பே உணர்த்திவிடுகிறது. அரசியல் உரிமைக்கும் உடைமைக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு நேராகக் காட்டிய தமிழ் நாவல்கள் சிலவே.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' சிறுகதை அதே வீட்டை உள்ளிருந்து நோக்குகிறது. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் முடங்கிக் கிடக்கும் குடும்பம். இருளிலே நேர்ந்துவிடும் ஒரு பிசகு. அதனால் ஒரு தகப்பனைத் தின்னும் வெட்கம். பாலுணர்வைக் கையாண்ட துணிவுக்காகவே இக்கதை பெரிதும் பேசப்பட்டு வந்தது. எமது நோக்கில் இது இடப்பரப்பைப் பற்றிய கதை. நடுத்தர வர்க்கத்து வீட்டிலே ஒழுக்கம் எனப்படுவது சுவர்களாலும் கதவுகளாலும் காக்கப்படுகிறது. சுவரில்லாத இடத்தில் அதன் முழுச்சுமையும் தனிமனிதனின் மனச்சாட்சி மீது விழுகிறது. தகப்பன் குற்றவாளியாகத் தன்னையே கருதுகிறான். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அளந்து கட்டியவனை எவரும் குற்றஞ்சாட்டுவதில்லை. உடைமையுறவு ஒன்று மனித உள்ளத்தினுள்ளே நாணமாக உருமாறி வெளிப்படும் விதத்தை ஆசிரியர் உரத்த குரலின்றிக் காட்டிவிடுகிறார். இங்குதான் அவரது யதார்த்தவாதத்தின் வலிமை உள்ளது.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' வேறொரு கோணத்தைத் திறக்கிறது. ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையைப் பற்றி எழும் ஐயமே கதையின் முடிச்சு. அவள் கோருவது மலையின் மீதான உரிமையை அன்று. தன் விரல்கள் செய்த வேலை தன்னுடையதே என்ற ஏற்பை மட்டுமே. உழைப்பின் பயனுக்கும் உழைப்பவளுக்கும் இடையிலே தராசும் கணக்கப்பிள்ளையின் பேனாவும் நிற்கின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பது 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே தோட்டங்களிற் கிட்டியது என்பதை எண்ணும்போது, அக்கதையின் பெண் தன் மானத்தைக் காக்கத் தராசை நாடுவதன் கனம் நன்கு விளங்கும்.

4

அச்சிலே வந்த இலக்கியத்துக்கு வெளியேயும் உடைமை பற்றிய மக்களின் சிந்தனை உயிர்ப்புடன் இருந்து வந்துள்ளது. சட்டப்படி எதுவும் சொந்தமில்லாத மக்கள் வழக்காற்றின் வழியே பலவற்றைத் தமதாக்கிக்கொண்டனர். மாசி மாதத்துக் காமன் கூத்துக்கென ஒதுங்கிய காமன் பொட்டல் தோட்டக் கம்பனியின் வரைபடத்திலே பயிரிடாத துண்டாக மட்டுமே இருந்திருக்கும். மக்களுக்கோ அது ஊரின் நடு. மலைதோறும் தெய்வங்கள் குடியேற்றப்பட்டன. தொழிற்சாலையின் சுழலும் உருளைக்கு றோதமுனி. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் வணங்கக் கவ்வாத்துச் சாமி. உற்பத்திச் சாதனத்தைத் தெய்வமாக்குவது மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இயந்திரத்துக்குப் படையலிடும் உரிமை துரைக்கில்லை, தொழிலாளிக்கே உண்டு என்பதைக் கவனித்தல் வேண்டும். உடைமை மறுக்கப்பட்ட இடத்திலே சடங்கு உறவைக் கோருகிறது.

பெயரிடுதலும் இத்தகையதே. கம்பனியின் பதிவேட்டிலே ஆங்கிலப் பெயரால் வழங்கிய தோட்டம் தொழிலாளர் வாயிலே வேறொரு பெயரால் வாழ்ந்தது. கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மயர் தோட்டம் அவர்களுக்கு உருளவள்ளி. அத்தோட்டத்து நிலத்தைக் கிராமக் குடியேற்றத்துக்கென அரசாங்கம் எடுத்துத் தொழிலாளரை வெளியேற்ற முனைந்தபோது, 1946இல் நிகழ்ந்த போராட்டம் வரலாற்றிலே உருளவள்ளிப் போராட்டமென்றே நிலைத்தது. சம்பளத்துக்காகவன்றி இருந்த மண்ணை விட்டகலாமைக்காக நிகழ்ந்த போராட்டம் அது. கூலிப்போராட்டங்களை மட்டுமே வர்க்கப் போராட்டமாகக் கணக்கெடுத்த எமது வரலாற்றெழுத்து இதற்கு உரிய இடத்தை இன்னும் வழங்கவில்லை.

லயத்தின் பின்புறத்துச் சிறு தோட்டம் பற்றியும் ஒரு சொல். பீன்சும் கறிவாழையும் வளரும் அத்துண்டு, மாட்டுப்பட்டி, ஓரிரண்டு ஆடுகள் ஆகியனவே தொழிலாளியின் சேமிப்பு. பிரட்டுக்குப் போகுமுன்னும் மலையிலிருந்து இறங்கிய பின்னும் அவற்றிலே செலவிடும் உழைப்பு மட்டுமே அவனுக்கும் அவளுக்கும் நேரடியாகச் சொந்தமானது. கந்தப்பளை, நுவரெலியாப் பகுதிகளின் மரக்கறி விளைச்சலுக்குப் பின்னால் நிற்கும் கைத்திறனும் இங்கே பயின்றதே. மலையகப் புனைகதை மலையையும் லயத்தையும் விரிவாகச் சித்திரித்த அளவுக்கு இப்பின்புறத் தோட்டத்தைச் சித்திரிக்கவில்லை. தொழிலாளியினுள்ளே உறங்காதிருக்கும் உழவனை அது பெரிதும் தவறவிட்டது.

5

இக்குறையோடு வேறிரு குறைகளையும் சுட்டுதல் வேண்டும்.

முதலாவது, தீமையைத் தனிமனிதரிடம் காணும் போக்கு. கொடிய துரை, பேராசைக் கங்காணி, காமுகக் கணக்கப்பிள்ளை ஆகிய மூவரும் எண்ணற்ற கதைகளிலே வில்லன்களாக வருகின்றனர். இத்தகையோர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்து, 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியபோது, வெள்ளைத்துரை போய்விட்டான். லயம் அப்படியே இருந்தது. உடைமை முதலாளியிடமிருந்து அரசுக்குச் சென்றது, உழைப்பவரிடம் வரவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அரசுடைமையே சமூகவுடைமை என்று அன்று இடதுசாரிகளிற் பலர் கொண்டாடியதை மலையகத்து அனுபவம் பொய்ப்பித்தது. ஆட்களை வில்லன்களாக்கிய புனைகதை இத்திருப்பத்தை விளக்கும் கருவியின்றி நின்றது.

இரண்டாவது, கண்டிச் சிங்களக் கிராமம் பற்றிய மௌனம். தோட்டக் கதைகளிலே சிங்களவர் நல்ல நண்பராகவோ கலவரக் காடையராகவோ வருவதுண்டு. நிலமிழந்த உழவராக வருவது அரிது. 1840இன் சட்டத்தால் மேட்டு நிலத்தை இழந்தவரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1951இல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை அவர்களது வறுமையைப் பதிவு செய்தது. அவர்களின் நியாயமான குறை, முடிக்கும் கம்பனிக்கும் எதிராக எழுவதற்குப் பதில், லயத்திலிருந்தவருக்கு எதிராகத் திருப்பிவிடப்பட்டது. இதன் உச்சத்தை 1977 மே மாதத்திலே காண்கிறோம். நுவரெலியா மாவட்டத்திலே ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்து வழங்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தனர். டெவன் தோட்டத்திலே சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நிலமற்ற இரு பகுதியினர் எதிரெதிரே நிறுத்தப்பட்டமையே அந்நிகழ்வின் அவலம். இவ்வவலத்தை இருபுறமிருந்தும் நோக்கிய பெரும் நாவல் இன்னமும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

6

இறுதியாக, இயக்கத்தினுள்ளே நெடுங்காலம் நிலவிய ஒரு வாதத்தை நேர்கொள்வோம். தோட்டத் தொழிலாளி இலங்கைப் பாட்டாளி வர்க்கத்தின் மிகப்பெரும் அணி. அவனுக்குக் காணித்துண்டு வழங்குவது அவனைச் சிறு உடைமையாளனாக்கி வர்க்க உணர்வை மழுங்கச் செய்யும். ஆகவே காணிக் கோரிக்கை குட்டிபூர்சுவாக் கோரிக்கை என்பது அவ்வாதம். கேட்பதற்குக் கோட்பாட்டுத் தூய்மை உடையதுபோல் தோன்றும் இது, தொழிலாளியை ஏற்கெனவே சுதந்திரமான பாட்டாளி எனக் கொண்டுவிடுகிறது. மேலே நாம் கண்டவாறு அவன் அந்நிலையை அடையவில்லை. வீட்டை முதலாளியின் பிடியிலிருந்து விடுவிப்பது அவனைப் பாட்டாளி நிலையிலிருந்து பின்தள்ளாது. பாட்டாளிக்குரிய முதற்சுதந்திரத்தை அவனுக்கு வழங்கும். காணிக் கோரிக்கை முற்றுப்பெறாத ஒரு சனநாயகப் பணியின் கூறாகும். 'வீடற்றவன்' கூறியதும் இதுவே.

குடியுரிமைப் பிரச்சினை 1964, 1974ஆம் ஆண்டு உடன்படிக்கைகளாலும், 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாலும் சட்ட அளவிலே தீர்ந்தது. முதல் உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கியது. மனிதர் பண்டங்களாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சியோர் வாக்காளராயினர். ஆயினும் உடைமையின் வினா தீரவில்லை. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. உள்ளூராட்சி மன்றங்கள் தோட்டத்தினுள்ளே செலவு செய்வதற்கு 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த தடை 2018இலேதான் நீக்கப்பட்டது. 2014 ஒக்டோபரிலே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பது தெரியவந்தது. எச்சரிக்கப்பட்டவருக்குப் போக வேறு காணி இருக்கவில்லை. காணியுரிமை உயிர் பற்றிய வினாவும் ஆகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அண்மைக் காலத்திலே ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏக்கரில் இருபத்துமூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். லயத்திலிருந்து தனிவீடு செல்வது முன்னேற்றமே. அதனை இகழ்வது லயத்தில் வாழாதோருக்கே எளிது. எனினும் மூன்று வினாக்களை எழுப்புதல் திறனாய்வாளரின் கடமை. விற்கவும் ஈடுவைக்கவும் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் தடையற்ற உறுதி கிட்டுகிறதா? அவ்வுறுதி கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரிலும் எழுதப்படுகிறதா? தோட்டத்தில் வேலை செய்யாத மகனும் மகளும் அவ்வீட்டிலே அச்சமின்றி வாழலாமா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிட்டும் வரை, அது புதிய கூரையிட்ட பழைய காம்பராவே.

நான்காவது வினாவையும் எழுப்பலாம். அதற்கு லௌஜே மக்களின் அனுபவத்துக்கு மீள வேண்டியுள்ளது. அங்கு நிலத்தைத் தனியுடைமையாக்கிய உழவரில் ஒரு பகுதியினர் கடனாலும் விலைவீழ்ச்சியாலும் அந்நிலத்தை விற்று, ஒரு தலைமுறைக்குள்ளேயே நிலமற்றோராயினர் என்பதையும் தானியா லி பதிவு செய்துள்ளார். உறுதி மட்டும் ஒருவனைக் காப்பாற்றாது. சந்தையும் கடனும் யாருடைய கையிலுள்ளன என்பதைப் பொறுத்தே சிறு உடைமை நிலைக்கும் அல்லது கரையும். ஆதலால் வீட்டுக்கான காணியோடு பயிர்செய்வதற்கான காணியும், அதனைக் காக்கும் கூட்டுறவு அமைப்பும் கோரப்படல் வேண்டும். தனித்தனி உறுதிகளோடு நின்றுவிடும் இயக்கம் தான் வென்றதை விரைவில் இழக்கும்.

2023இல், மலையகத்துக்கு முதலில் வந்தோரின் இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் காட்டுவழியே நடந்து, நோயாலும் பசியாலும் மடிந்த பாதை அது. நடந்தோர் முன்வைத்த கோரிக்கைகளிலே காணியுரிமை முதன்மையான ஒன்று. 1954இலே சி. வி. தேயிலையின் அடியிற் கண்ட எலும்புகளையே அவர்கள் சான்றாக மீண்டும் முன்வைத்தனர் எனலாம். இலக்கியம் எழுப்பிய வினா அரசியலின் வினாவாகியுள்ளது. இதனை உணர்ந்து மலையக இலக்கியத்தை மீளவாசிப்பதும், கண்டிக் கிராமத்தின் இழப்பையும் லயத்தின் இழப்பையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகக் காட்டும் புதிய எழுத்தை ஊக்குவிப்பதும் முற்போக்குத் திறனாய்வின் உடனடிப் பணிகளாகும்.